முப்பத்தொன்றாம் நம்பர் புக் ஆகிவிட்டது

நவம்பர் 22, வெள்ளி

காலையிலிருந்து மழை. மழை நாளில் எனக்கு வியாபாரம் நன்றாகப் போகும். வெளியே போக முடியாத பெண்கள் எல்லாம் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சமையலை முடித்துவிட்டு 'கனி கலெக்‌ஷன்ஸ்' பக்கத்தில் லைவ் போனேன். வெளிச்சம் போதவில்லை என்று இவர் எமர்ஜென்சி விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கை வலிக்கிறது என்று நடுவில் முனகியது லைவில் கேட்டுவிட்டது. அதற்கும் சிரிப்புப் பொம்மை போடுகிறார்கள்.

மெரூன் காட்டன் சேலையை விரித்ததும் மூன்று பேர் ஒரே நேரத்தில் 'புக்டு' போட்டார்கள். முதலில் போட்ட மதுரைக்காரிக்குத்தான் கொடுத்தேன். மற்ற இருவரும் இன்பாக்ஸில் வந்து கெஞ்சினார்கள். நான் அசையவில்லை. இந்தத் தொழிலில் என் பெயர் நிற்பதே அந்த ஒரு வார்த்தையில்தான். ஒவ்வொரு சேலைக்கும் நம்பர் கொடுத்துப் படம் போடுவேன். யாராவது எடுத்துக்கொண்டால் படத்தின் மேல் சிவப்பில் 'புக்டு' என்று எழுதுவேன். எழுதிவிட்டால் பிறகு கலெக்டர் வீட்டு அம்மா வந்து கேட்டாலும் கிடையாது. என் கஸ்டமர்களுக்கும் அது பழகிவிட்டது. சிவப்பைப் பார்த்ததும் அடுத்த படத்துக்குத் தள்ளிப் போய்விடுவார்கள்.

வழக்கம்போல முதல் ஆளாக வந்து உட்கார்ந்தது அந்த வேல் படம் போட்ட ஆசாமி. பெயர் 'வேலவன் துணை'. எல்லா லைவுக்கும் வருவார், ஒரு ரோஜாப்பூ போடுவார். இதுவரை ஒரு கர்ச்சீப் வாங்கியதில்லை. ஆம்பிளைக்கு இங்கே என்ன வேலை, தூக்கிவிடுகிறேன் என்றால், "பூவைப் போட்டுட்டு சும்மா இருக்கான். ஒனக்கென்ன நட்டம்?" என்கிறார் இவர்.

தூக்க வேண்டியவர்களைத் தூக்கியாகிவிட்டது. ஆடித் தள்ளுபடி லைவில், ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது, என் கூடப் பிறந்த பூரணக்கா கமெண்ட் போட்டாள்: "கனி, நீ போன தடவை தந்த பச்சைச் சேலை முதல் தண்ணியிலயே சாயம் போயிட்டு." வீட்டுக்கு வந்து சொன்னால் ஆகாதா? போனில் சொன்னால் ஆகாதா? அதைப் பார்த்து நான்கு பேர் "எனக்கும் போயிட்டு" என்று எழுதினார்கள். அதில் இரண்டு பேர் என்னிடம் வாங்கியதே இல்லை. அன்றைக்கே அவளை பேஸ்புக், வாட்சப், போன் எல்லாவற்றிலும் பிளாக் செய்தேன். இவரையும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இதையெல்லாம் எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

நவம்பர் 23, சனி

மழை விடவில்லை. கூரியர் ஆபீஸ் பூட்டிவிட்டார்கள். பார்சல்கள் கட்டிலில் அடுக்கி இருக்கின்றன, நாங்கள் தரையில் படுத்தோம்.

ஆற்றில் தண்ணீர் கூடுகிறது, கரையோரம் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். எங்கள் தெரு மேடு. எங்களுக்கு ஒன்றும் இல்லை. உளுந்து அரைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. பாதி அரைத்த உளுந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் வடை தட்டினேன்.

வடையைத் தின்றுகொண்டே இவர் கேட்டார். "ஒங்க அக்கா வீட்டுப் பக்கம் தண்ணி வருமா?"

"மாடி வீடுல்லா. மாடிக்குத் தண்ணி வந்தா ஊரே இருக்காது."

"ஒங்க அத்தான் படுத்த படுக்கையா இருக்காரு. ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"அவளுக்கு வேணும்னா அவ போன் போடட்டும்."

இவர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். எதற்குப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. அத்தானுக்குப் போன வருடம் பக்கவாதம் வந்தது. மினிபஸ் கண்டக்டராக ஓடிக்கொண்டே இருந்த மனிதர், ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அதிலிருந்துதான் அக்காவுக்கு வாய் கூடிவிட்டது.

நவம்பர் 24, ஞாயிறு

ஆறு ஊருக்குள் வந்துவிட்டது.

காலையில் ஷமீமா போன் செய்தாள். பக்கத்துத் தெரு. என்னிடம் முதன்முதலில் சேலை வாங்கியவள், இப்போது என் பக்கத்தில் கமெண்டுகளைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். அழுதுகொண்டே பேசினாள். அவள் அம்மா இருக்கும் கீழத்தெருவில் இடுப்பளவு தண்ணீர், அரசாங்க நம்பர் எதுவும் கிடைக்கவில்லை.

"கனி, ஒன் பக்கத்துல போடு. ஊர்ப் பொம்பளைய எல்லாரும் அங்கதான கெடக்காவ. யாராவது பாப்பாவ."

சேலைப் பக்கத்தில் போய் இதை எப்படிப் போடுவது என்று ஒரு நிமிடம் தயங்கினேன். அப்புறம் போட்டேன். டீ ஆறுவதற்குள் செங்கல் சூளைக்காரர் வீட்டு அம்மா, "எங்க டிராக்டர் அந்தத் தெரு முக்குலதான் நிக்குது, அனுப்புதேன்" என்று எழுதினாள். ஷமீமாவின் அம்மா கோழிக்கூண்டோடு வந்து சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு வரிசையாக வர ஆரம்பித்தது. மாமனார் மாமியார், கைக்குழந்தை, ஆஸ்துமாக்காரர், மாடு. கமெண்டில் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து, யாருக்கு யார் போகிறார்கள் என்று புரியவில்லை. ஒரே வீட்டுக்கு இரண்டு டிராக்டர் போய்விட்டது, இன்னொரு வீட்டுக்கு யாரும் போகவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் சரி செய்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நம்பர். சேலைக்குப் போடுவது மாதிரியே ஒரு படம், அதில் நம்பர், தெரு, அடையாளம், எத்தனை பேர், இவ்வளவுதான். யாராவது நான் போகிறேன் என்று சொன்னால் சிவப்பில் 'புக்டு'. பார்க்கிறவர்கள் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். நன்றாக வேலை செய்தது. படித்த பிள்ளைகள் நடத்தும் குரூப்பில் எல்லாம் குழம்பிக் கிடக்கிறார்கள், உங்கள் பக்கத்தில்தான் தெளிவாக இருக்கிறது என்று சென்னையிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன்.

இதற்கு நடுவில் பெங்களூரிலிருந்து ஒருத்தி: "சிஸ்டர், அந்த மெரூன் இன்னும் இருக்கா?"

இவர் மொட்டைமாடி ஓரத்தில் போய் நின்றுகொண்டு யாருக்கோ போன் போட்டுப் பார்த்தார். சுவிட்ச் ஆப் போல. திரும்பி வந்து போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. மாடி வீட்டுக்காரர்கள் எல்லாரும் பத்திரமாகத்தான் இருப்பார்கள்.

நவம்பர் 25, திங்கள்

இன்றைக்கு மாதிரி ஒரு நாள் என் ஆயுசில் வேண்டாம். இவருடைய லோடு ஆட்டோ பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து எனக்குப் போன் சார்ஜ் போட்டுக் கொடுத்தார். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவள்தான். ஷமீமா குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். என் நம்பரை யாரோ 'வெள்ள உதவி எண்' என்று எழுதிப் பரப்பிவிட்டார்கள். தூத்துக்குடியிலிருந்து கூட அழைக்கிறார்கள். எடுத்தால் நிறுத்த முடியவில்லை, எடுக்காமல் இருக்கவும் முடியவில்லை.

முற்பகலில் ஒரு குரல் பதிவு வந்தது. அணை உடைந்துவிட்டது, அரை மணி நேரத்தில் ஊர் மூழ்கும், எல்லாரும் ஓடுங்கள் என்று ஒருத்தன் மூச்சு வாங்கப் பேசுகிறான். பெயர் சொல்லவில்லை, எந்த அணை என்றும் சொல்லவில்லை. எல்லாரும் எனக்கு அதையே அனுப்பினார்கள். நான் போடவில்லை. சாயம் போகுமா போகாதா என்று நனைத்துப் பார்க்காமல் நான் எதையும் விற்பதில்லை என்று ஷமீமாவிடம் சொன்னேன். அவள் வேறு பக்கம் பார்த்துச் சிரித்தாள். "நீ போடாம எத்தன பேரு சாகப் போறாவளோ" என்று ஒருத்தி என்னைத் திட்டி எழுதினாள். பிற்பகலில் அது பொய் என்று தெரிந்தது. திட்டியவள் திட்டியதை அழித்துவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்துக்கு முப்பத்தொன்று வந்தது. ஷார்ஜாவிலிருந்து ஒரு தம்பி. முத்தாரம் நகர் கடைசித் தெரு, பச்சைக் கேட், தரைத்தளம், இரண்டு பேர், ஒருவருக்கு நடக்க முடியாது. "எங்க வீட்டுல வாடகைக்கு இருக்கவங்க அக்கா, முட்டிக்கு மேல தண்ணி வந்துட்டாம்" என்று எழுதியிருந்தான். போட்ட கையோடு மணப்பாடு பக்கமிருந்து ஜெபராஜ் என்று ஒருவர், "பைபர் போட்டை லாரியில ஏத்திட்டோம். 31 நாங்க எடுக்கோம்" என்றார். டக்கென்று சிவப்பில் எழுதினேன். நடக்க முடியாதவர் என்றால் டிராக்டர் சரிப்படாது, போட்தான் வேண்டும். பொருத்தமான ஆள் கிடைத்தது என்று இருந்தது.

கொஞ்ச நேரத்தில் டவுனிலிருந்து காற்றடைத்த ரப்பர் படகோடு வந்திருந்த பையன்கள் கேட்டார்கள், "31 பக்கத்துலதான் இருக்கோம், போகவா?" அது புக்டு, நீங்கள் முப்பத்தி நான்குக்குப் போங்கள் என்றேன். போனார்கள். முப்பத்தி நான்கில் கர்ப்பிணிப் பெண். அவளைத் தூக்கிவிட்டார்கள்.

சாயங்காலம் டவர் போய்விட்டது. போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம்.

நவம்பர் 26, செவ்வாய்

மதியம் டவர் வந்தது. போன் கையில் துள்ளியது. நேற்றிலிருந்து தேங்கிக் கிடந்ததெல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. அதில் ஜெபராஜ் நேற்றுச் சாயங்காலம் அனுப்பியது: "அக்கா, ரயில்வே பாலத்துக்கு முன்னாடியே ரோடு அறுந்துபோச்சு. லாரி இந்தப் பக்கமே நிக்குது. 31ஐ வேற யாருக்காவது குடுத்துருங்க." அவர் மேல் குற்றம் இல்லை. சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் வரவில்லை.

அப்படியானால் நேற்று மதியத்திலிருந்து அந்தப் படத்தின் மேல் புக்டு என்று கிடக்கிறது. ஆயிரம் பேர் பார்த்திருப்பார்கள். ஆயிரம் பேரும் தள்ளிப் போயிருப்பார்கள்.

சிவப்பை எடுத்துவிட்டு, 31க்கு யாரும் போகவில்லை, உடனே போங்கள் என்று மறுபடி போட்டேன். அவசரத்தில் நம்பர் இரண்டு தடவை தப்பாக விழுந்தது. ஷார்ஜா தம்பிக்குப் போன் செய்தேன். "தம்பி, அவங்க நம்பர் வேற ஏதாவது இருக்கா? பேரு என்ன?"

"அந்தம்மா பேரு பூரணம்க்கா. வீட்டுக்காரரு முன்னாடி மினிபஸ்ல கண்டக்டரா இருந்தவரு. மாடி ஏத்தி இறக்க முடியலன்னு மூணு மாசம் முன்னாடிதான் நம்ம வீட்டுக்குக் கீழ வந்தாங்க."

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஷமீமா போனை வாங்கிப் பேசினாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன் என்று எழுத ஆசை. ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன். இவர் ஆட்டோ சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் ஷமீமாவுக்குத் தகவல் வந்துவிட்டது. காலையிலேயே மீனவர்கள் போட் ஒன்று அந்தத் தெருவில் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போயிருக்கிறது. எந்தப் பக்கத்தையும் பார்க்காமல், யார் நம்பரும் இல்லாமல், தட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். இருவரையும் தூக்கித் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அத்தானுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு விட முடியவில்லையாம்.

ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில். எனக்கு அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

நவம்பர் 27, புதன்

மேற்கே சுற்றிப் போகும் ரோடு திறந்துவிட்டார்கள். லோடு ஆட்டோவிலேயே போனோம். பாதி வழிக்கு அப்புறம் இவர், "பசிக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

வார்டு நிறைய வெள்ளத்து ஆட்கள். மூலையில் கட்டில். அத்தான் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். அக்கா யாரோ கொடுத்த நைட்டியில், மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். என்னிடம் ஒரு அலமாரி நிறைய நைட்டி இருக்கிறது. ஒன்றைக்கூட எடுத்துக்கொண்டு வரத் தோன்றவில்லை.

என்னைப் பார்த்ததும் பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் திரும்பினாள். "இவதான் எந்தங்கச்சி. சொன்னம்லா. போட்டுக்கு ஏற்பாடு பண்ணுனது இவதான்."

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்கணும் தாயி" என்றாள்.

"எக்கா, எப்படிக்கா நடந்திச்சு?"

"என்ன நடந்திச்சு, தண்ணி வந்திச்சு. கட்டிலுக்குக் கீழ டைனிங் டேபிளைக் குடுத்து ஒசத்துனேன். பக்கத்து வீட்டுப் பையன் ஒரு கை பிடிச்சான். ஒன்ட்ட கேக்கச் சொன்னாவ அத்தான். எனக்கு வாய் வரல. அதான் வீட்டுக்காரம்மா மகனுக்குச் சொன்னேன். அவன் ஒன்ட்ட சொல்லியிருக்கான், நீயும் ஒடனே புக்டுன்னு போட்டுட்ட. இந்தா, இதுலதான் பாத்தோம்."

அத்தான் தலையணைக்கு அடியிலிருந்து பாலிதீன் பையில் சுற்றிய போனை எடுத்தாள். அவளுடைய போன் முதல் நாளே தண்ணீருக்குள் விழுந்துவிட்டதாம். திரையில் என் பக்கம் திறந்தே இருந்தது. மூலையில் சின்னதாக ஒரு வேல் படம். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் தீயணைப்புக்காரங்க போட்டு வந்திச்சு," என்றாள் அக்கா. "பக்கத்து வீட்டுக்கு. அங்க பிள்ளைய ரெண்டு. 'நீங்களும் ஏறுங்கம்மா'ன்னாவ. இவரத் தூக்கி ஏத்தணும்னா அவ்வளவு நேரம் ஆவும், எடமும் பத்தாது. எங்களுக்குப் புக் ஆயிருக்கு, வந்துருவாவ, நீங்க பிள்ளையளக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டேன்."

"போகச் சொல்லிட்டியா?"

"பின்ன? நீ புக்டுன்னு போட்டா அது புக்டுதான? கலெக்டர் வந்தாலும் மாத்த மாட்ட. அத்தானும் அதையேதான் சொன்னாவ. வாய் கோணிக்கிட்டுச் சொன்னாவ, 'கனி அனுப்பிருவா.' ராத்திரி பூரா அதத்தான் சொல்லிட்டே இருந்தாவ."

இவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பத்தொன்று நீதான் என்று எனக்குத் தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மா எனக்கு ஒரு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். அதையும் தின்றுவிட்டு வந்தேன்.

நவம்பர் 28, வியாழன்

துணி துவைத்தேன். வெயில் இல்லை, காயவில்லை.

நவம்பர் 30, சனி

தண்ணீர் வடிந்துவிட்டது, சேறு மட்டும் தெருவில் கிடக்கிறது. என் பக்கத்தில் ஒரே நன்றி. 'சேலைக்கடை அக்கா ஊரைக் காப்பாற்றினார்' என்று யாரோ என் படத்தைப் போட்டுப் பூமாலை எல்லாம் வரைந்திருக்கிறார்கள். பூமாலையோடு படத்தைப் பார்த்தால் நான் போய்ச் சேர்ந்துவிட்ட மாதிரி இருக்கிறது. ஒரு யூடியூப் சேனல்காரன் மைக்கோடு வந்து வாசலில் நின்றான். வீட்டில் தீட்டு என்று சொல்லி இவர் அனுப்பிவிட்டார். இவர் பொய் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

ஷமீமாவை உட்கார வைத்துப் பேசினேன். அடுத்து ஒரு மழை வந்தால் அந்த வார்த்தையே கூடாது. போகிறேன் என்று ஒருத்தர் சொன்னால், 'கிளம்பியிருக்கிறார்கள், இன்னும் சேரவில்லை, பக்கத்தில் இருப்பவர்கள் நீங்களும் போங்கள்' என்றுதான் எழுத வேண்டும். வீட்டு ஆள் வாயாலேயே நாங்கள் ஏறிவிட்டோம் என்று சொல்லிக் கேட்ட பிறகுதான் முடிந்தது என்று போட வேண்டும். எந்த மணிக்குக் கேட்டார்கள், எந்த மணிக்குப் போட்டோம் என்று படத்திலேயே இருக்க வேண்டும். அப்புறம் பெயர். பெயர் கேட்காமல் எதையும் போடக் கூடாது.

"ரெண்டு போட்டு ஒரே வீட்டுக்குப் போயிட்டா?" என்றாள் ஷமீமா.

"போவட்டும். ஒண்ணும் போகாம இருக்கதுக்கு அது தேவல."

அவள் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு, "அக்காட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டாள்.

"என்னத்த?"

பூனைக்குப் பால் வைக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள். அவள் வீட்டில் பூனை கிடையாது.

சாயங்காலம் அக்காவின் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்தேன். நான்கு மாதத்தில் அவள் அனுப்பியது ஏதாவது வந்து விழும் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிளாக்கில் இருந்தபோது அனுப்பியது அப்புறம் வராதாம். ஷார்ஜா தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என்ன அனுப்பினாள் என்று அவளிடம் கேட்கலாம். கேட்டால் மற்றதையும் பேச வேண்டும்.

டிசம்பர் 2, திங்கள்

அத்தானுக்குக் காய்ச்சல் விட்டிருக்கிறது. ஆக்சிஜனைக் குறைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் முன்பு கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்த வலது கை இப்போது அசையவில்லை, பேச்சும் இன்னும் குழறுகிறது. நுரையீரல் சரியாக மாதக்கணக்கில் ஆகும் என்று டாக்டரம்மா சொன்னாள். அத்தான் என்னைப் பார்த்து இடது கையை ஆட்டினார். பக்கத்தில் போனேன். குனிந்து கேட்டபோது, "லைவ்வு எப்ப?" என்றார்.

வரும்போது பஸ்ஸில் அழுதேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு சில்லறை கேட்காமலே போய்விட்டார்.

டிசம்பர் 4, புதன்

இட்லியும் பால் காப்பியும் எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். புது நைட்டி மூன்று எடுத்துப் போனேன், சாயம் போகாதது. அக்கா ஒவ்வொன்றையும் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வரவில்லை.

அத்தான் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில் அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று தோன்றியது. ஆனாலும் தூக்குவாளியைக் கழுவினேன், ஜன்னலைச் சாத்தினேன், மருந்துச் சீட்டை எடுத்து இரண்டு தடவை படித்தேன்.

"என்னட்டி, நெளியுத?" என்றாள் அக்கா.

"எக்கா. அந்த முப்பத்தொண்ணு. அது நீன்னு எனக்குத் தெரியாதுக்கா. எதோ வாடகைக்கு இருக்கவங்கன்னுதான் சொன்னான். நான் பேரே கேக்கல. ஒரு ஆளு போறேன்னாரு, அவரு வர முடியல, அவரு சொன்னது என்கிட்ட வந்து சேரல. நடுவுல பக்கத்துல நின்ன பையங்க போவவான்னு கேட்டாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன். நான் ஒனக்குன்னு எதையும் அனுப்பலக்கா."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அக்கா நைட்டியை மடித்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"எனக்கு அன்னைக்கு ராத்திரியே தெரியும்," என்றாள். "மொதல்ல நானும் நீ தெரிஞ்சுதான் போட்டேன்னு நம்புனேன். இருட்டி, தண்ணி கட்டில் சட்டத்துக்கு வந்திட்டு. இவர நெஞ்சோட பிடிச்சிக்கிட்டு நிக்கேன். அப்பதான் ஒறைச்சிச்சு, இவளுக்கு இது நாமன்னு தெரியாதுன்னு."

"பின்ன ஏன் எல்லார்ட்டயும் நான் அனுப்புனேன்னு சொன்ன?"

"அவருக்குத்தான் சொன்னேன். அந்த ஒரு நெனைப்புலதான் ராத்திரியத் தாண்டுனாவ. அதைப் போயி இல்லன்னு சொல்ல எனக்கென்ன கிறுக்கா?" அத்தானின் போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள். "நீயும் அவர்ட்ட சொல்லாத."

"சொல்லலக்கா. ஆனா ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது, நான் தெரியாமத்தான் போட்டேன்னு?"

அவள் என்னை ஒரு விவரம் கெட்ட பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"இதுல என்னட்டி இருக்கு? நான்னு தெரிஞ்சிருந்தா நீ புக்டுன்னு எழுதிட்டு ஒக்காந்திருப்பியா? நீயே வந்திருப்பேல்லா."

ஆமாக்கா, வந்திருப்பேன் என்றேன். யோசிக்காமல், உடனே சொன்னேன்.

இந்த முறையும் அவள் நம்பிவிட்டாள்.